ஸ்கேன் ‘நார்மல்’, ஆனாலும் பக்கவாதம்: அவசர சிகிச்சைப் பிரிவில் நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வலது கையும் காலும் திடீரென்று விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. 108-இல் ஏற்றி ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தாயிற்று, சி.டி. ஸ்கேனும் எடுத்தாயிற்று. ரத்தக்கசிவு இல்லை, படம் கிட்டத்தட்ட நார்மல் என்கிறார்கள். அடுத்த நிமிடமே மருத்துவர் வந்து, “இது பக்கவாதம்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும். நூற்றில் சிலருக்கு இதனால் மூளையில் ரத்தம் கசியலாம். கையெழுத்துப் போடுங்க” என்கிறார்.

கேட்கிறவருக்குத் தலை சுற்றும். மூளை நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனே சொல்லும்போது எதற்கு இந்த ஆபத்தான ஊசி? தெரிந்த டாக்டருக்கு ஃபிலிமைப் படம் பிடித்து அனுப்புவதிலும், வெளியூரில் இருக்கும் மூத்த மகனிடம் கேட்பதிலும் அரை மணி நேரம் போய்விடுகிறது. அந்த அரை மணி நேரம் நோயாளியின் கையிலிருந்தும் பேச்சிலிருந்தும் கழிகிறது.

பக்கவாதம் என்று முடிவு செய்ய உதவுபவை கடிகாரமும், நோயாளியைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவரின் கண்ணும் கையும். முதல் சி.டி. எடுப்பது வேறொரு கேள்விக்கு விடை தேடி. அது என்ன கேள்வி என்று புரிந்தால் ‘நார்மல்’ என்ற சொல்லின் பொருளும் புரிந்துவிடும்.

அடைப்பும் கசிவும்

பக்கவாதம் என்றும், இலங்கையில் பாரிசவாதம் என்றும் ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே நடப்பது இரண்டில் ஒன்று. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்திருக்கும்; அல்லது குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கும். மேலை நாடுகளில் நூற்றில் 85 பேருக்கு அடைப்பு. ஆசிய நாடுகளில் கசிவின் பங்கு இதைவிடக் கூடுதல்.

வெளியே தெரியும் அறிகுறி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தலைவலி, வாந்தி, அரைமயக்கம், எகிறிய ரத்த அழுத்தம் ஆகியவை சேர்ந்து வந்தால் கசிவு என்ற சந்தேகம் வலுக்கும். அதை மட்டும் நம்பி மருந்து கொடுக்க எந்த மருத்துவராலும் முடியாது. அடைப்புக்குக் கொடுக்கும் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிரே போகலாம்.

இப்போது அடைப்பை மட்டும் பார்ப்போம். மூளைத் திசு 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் வேண்டும். அது 20 மி.லி.க்குக் கீழே இறங்கினால் நரம்பு செல்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் உயிர் இருக்கும். 10 மி.லி.க்குக் கீழே போனால் நிமிடங்களில் செத்துவிடும்.

வாய்க்காலில் மதகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. அடைப்புக்கு நேர் கீழே இருக்கிற வயல் முதலில் காயும். அதைச் சுற்றியுள்ள வயல்களுக்குப் பக்கத்து வாய்க்காலிலிருந்து ஊறி வரும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்கும். பயிர் வாடித் தலை சாய்ந்திருக்கும், வேர் காய்ந்திருக்காது. மூளையில் இப்படி வாடி நிற்கிற பகுதியைத்தான் ‘பெனும்ப்ரா’ என்கிறார்கள். மதகைத் திறந்துவிட்டால் அது நிமிரும். விட்டுவிட்டால், காய்ந்த பகுதி நிமிடத்துக்கு நிமிடம் அகன்று அதையும் விழுங்கும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்பது 2006-இல் வெளிவந்த கணக்கு.

கை விழுந்திருப்பதற்கு வாடிய பகுதியும் காய்ந்த பகுதியும் சேர்ந்து காரணம். சாதாரண சி.டி. காட்டுவது காய்ந்ததை மட்டும். அதையும் சில மணி நேரம் கழித்துத்தான் தெளிவாகக் காட்டும்.

முதல் கேள்வி: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் கேட்கும் கேள்விகளில் அதிகம் தப்பாகப் பதில் வருவது இதற்குத்தான். “காலையில் 5 மணிக்கு வந்துச்சு” என்பார்கள். விசாரித்தால், ராத்திரி 10 மணிக்குப் படுத்தார், 5 மணிக்கு எழும்போதே கை வரவில்லை என்று தெரியும். அப்படியானால் கடிகாரம் ஓடத் தொடங்கியது ராத்திரி 10 மணிக்கு. அடைப்பு 10.15-க்கும் வந்திருக்கலாம், 4.45-க்கும் வந்திருக்கலாம். மருத்துவர் மோசமானதைத்தான் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி இதனால்தான் வருகிறது: “நடுவில் எழுந்தாரா?” 3 மணிக்கு பாத்ரூம் போனதை மனைவி பார்த்திருந்தால், நேராக நடந்து போய்த் திரும்பியிருந்தால், கடிகாரம் 3 மணிக்கு மாறிவிடும். ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் எல்லை. 5.30-க்கு மருத்துவமனை வந்தவருக்குப் பத்து மணிக் கணக்கில் அந்த நேரம் தாண்டிவிட்டது. மூன்று மணிக் கணக்கில் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. தனியாக இருந்தவர் என்றால் அவர் கைபேசியில் கடைசியாகப் பேசிய அழைப்பு, கடைசியாக அனுப்பிய குரல் செய்தி, பால்காரர் பார்த்த நேரம் எல்லாமே சாட்சிகள்.

நேரத்தைப் பார்த்தவரே நோயாளியோடு வர வேண்டும். தகவல் தெரிந்த மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, எதையும் பார்க்காத பக்கத்து வீட்டு இளைஞரை ஆம்புலன்ஸில் அனுப்பினால், கேஷுவாலிட்டியில் யாராலும் நேரம் சொல்ல முடியாது. கடைசியில் ‘நேரம் தெரியவில்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

வாசலில் நடக்க வேண்டியவை

வாசலை மிதித்த 25 நிமிடத்துக்குள் சி.டி., 60 நிமிடத்துக்குள் ஊசி என்பது 1990-களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் வகுத்த இலக்கு. இப்போது சி.டி.க்கு 20 நிமிடம் என்று இறுக்கியிருக்கிறார்கள். நல்ல குழு இருக்கும் இடத்தில் கீழே உள்ளவை வரிசையாக அல்லாமல் ஒரே சமயத்தில் நடக்கும்.

1. மூச்சு, நாடி, ஆக்சிஜன் அளவு. 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் ஆக்சிஜன். எல்லோருக்கும் மாஸ்க் மாட்டுவதில் பயனில்லை.

2. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. இதைத் தவற விட்டால் பிறகு நடப்பதெல்லாம் தப்பாகிவிடும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் விட்டவருக்கு அளவு 40, 50 என்று இறங்கினால், ஒரு பக்கக் கை கால் அப்படியே பக்கவாதம் போலவே விழும். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. ஏற்றினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கை எழும்பிவிடும். ஊசி போடுவதற்கு முன் கட்டாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ரத்தப் பரிசோதனை இதுதான். மற்ற ரிப்போர்ட்டுகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், ரத்தக்கசிவு நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர் விதிவிலக்கு.

3. ரத்த அழுத்தம், இரண்டு கையிலும். வித்தியாசம் பெரிதாக இருந்து, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலியும் இருந்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்து, அதன் விளைவாக மூளைக்கு ரத்தம் குறைந்திருக்கலாம். அவருக்கு ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி எமன்.

4. முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் அளவுள்ள, சற்றுத் தடித்த ஊசிக்குழாய். புறங்கையில் மெல்லிய ஊசி போட்டுக் கொண்டுபோனால், ரத்தக்குழாய் ஸ்கேனுக்கான சாய மருந்தை விநாடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் செலுத்த முடியாது. ஸ்கேன் மேசையில் படுக்க வைத்துவிட்டு ரத்தக்குழாய் தேடும் நிலை இதனால்தான் வருகிறது.

5. எடை. ரத்தக்கட்டி கரைக்கும் ஊசியின் அளவு கிலோ கணக்கு. அல்டிப்ளேஸ் என்ற மருந்தானால் கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90 மி.கி.; அதில் பத்தில் ஒரு பங்கு ஒரே நிமிடத்தில், மிச்சம் ஒரு மணி நேரத்தில். டெனெக்டிப்ளேஸ் என்றால் உலகளவில் பரவலாக உள்ள அளவு கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25 மி.கி., ஒரே தடவையில். எடையைக் கண்ணளவில் போடுவது தப்பில் முடியும்.

6. என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? “இதயத்துக்கு ஒரு மாத்திரை” என்ற பதில் போதாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறாரா, புதுவகை மருந்து எடுக்கிறாரா, கடைசியாக எப்போது எடுத்தார் என்பதில்தான் ஊசி போடலாமா வேண்டாமா என்ற முடிவு நிற்கிறது. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துவந்தால் பத்து நிமிடம் மிச்சம்.

இதில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் கூடாது. விழுங்கும் தசையும் பாதி செயலிழந்திருக்கலாம். காபி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகலாம். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது மாரடைப்புக்குச் சரி, இங்கே தப்பு: கசிவா அடைப்பா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

உடலைச் சோதிப்பது: எதைப் பார்க்கிறார்கள்?

முகம், கை, பேச்சு என்ற மூன்றைப் பார்க்கும் எளிய சோதனை 1990-களின் இறுதியில் இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக உருவானது. தடுமாற்றம், பார்வை இரண்டையும் பிறகு சேர்த்தார்கள். பொதுமக்களுக்கு அது போதும். கேஷுவாலிட்டியில் 0 முதல் 42 வரை மதிப்பெண் போடும் விரிவான அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். பழகியவர் ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடுவார். அதில் சில இடங்கள் நின்று பார்க்க வேண்டியவை.

*முகம்.* வாய் கோணியவரிடம் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். முகத்தின் மேல்பாதி தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை போகிறது. அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். நெற்றியும் சுருங்காமல், கண்ணும் மூடாமல் இருந்தால் பெரும்பாலும் முக நரம்பில் மட்டும் வந்த வாதம். பெல்ஸ் பால்ஸி என்பார்கள். பெரும்பாலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: மூளைத்தண்டில் சிறிய அடைப்பு வந்தாலும் இப்படி ஆகலாம். கூடவே இரட்டைப் பார்வை, தடுமாற்றம், கை கால் மரத்துப்போதல் இருந்தால் நரம்பு வாதம் என்று அனுப்பிவிடக் கூடாது.

*கை, கால்.* கண்ணை மூடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி 10 விநாடி வைத்திருக்கச் சொல்வார்கள். காலுக்கு 5 விநாடி. முழுசாக விழுந்த கையை யாரும் தவறவிட மாட்டார்கள். மெல்ல உள்ளங்கை உள்பக்கம் திரும்பி, நாலு விரல்கடை கீழே இறங்குகிறதே, அந்தக் கைதான் தவறிப்போகும்.

*பேச்சு.* குழறல் வேறு, மொழி போவது வேறு. குழறல் என்றால் நாக்கு ஒத்துழைக்காமல் ‘வாழைப்பழம்’ தடுக்கும். ஆனால் சொல்ல வந்த சொல் சரியாக இருக்கும். மொழி போனவருக்கு நாக்கு நன்றாக இருக்கும், சொல் வராது. கடிகாரத்தைக் காட்டினால் “அது... அது...” என்பார். இதில் இன்னொரு வகை இன்னும் ஏமாற்றும்: சரளமாகப் பேசுவார், ஆனால் பேசுவதில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் அவருக்குப் புரியாது. கை கால் நன்றாக இருக்கும். “அப்பா உளர்றார், நேத்து ராத்திரி சரியாத் தூங்கலை” என்று வீட்டார் சொல்ல, மனநலப் பிரிவுக்கோ காய்ச்சல் மயக்கம் என்று பொது வார்டுக்கோ போய்விடும் நோயாளிகள் இவர்கள்தான். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: பேனாவைக் காட்டிப் பெயர் கேளுங்கள், சின்ன வாக்கியம் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், “கண்ணை மூடுங்க” என்று சைகை இல்லாமல் வாயால் மட்டும் சொல்லுங்கள். மூன்றும் தவறினால் மூளையின் இடதுபக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

*கவனம்.* வலதுபக்க மூளை அடைபட்டவர் பலர் “எனக்கு ஒன்னுமில்லை, எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?” என்று சண்டை போடுவார்கள். இடது கை விழுந்திருப்பது அவருக்கே தெரியாது. அதை அறியும் பகுதியும் சேர்ந்தே அடைபட்டிருக்கிறது. அவர் சொல்வதை நம்பி வீட்டிலேயே படுக்க வைப்பதால் வரும் தாமதம் அதிகம்.

*கண்.* இரண்டு கண்களும் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டால், பெரிய குழாய் அடைபட்டிருக்க நல்ல வாய்ப்பு. பக்கவாதத்தில் கண்கள் அடைபட்ட மூளைப்பக்கம் பார்க்கும். அதாவது, விழுந்த கைக்கு எதிர்ப்பக்கம். வலிப்பு நடக்கும்போது பெரும்பாலும் துடிக்கிற கைப்பக்கமே பார்க்கும்.

தலைசுற்றல்: இங்கும் ஒரு ‘நார்மல்’ ஏமாற்றும்

மேலே சொன்ன அளவுகோல் மூளையின் முன்பகுதிக் குழாய்களுக்குச் சாய்வாக அமைந்தது. சிறுமூளையில் அடைப்பு வந்தவர் கடும் தலைசுற்றலும் வாந்தியுமாகப் படுத்திருப்பார்; மதிப்பெண் 0 என்று வரும். பித்தம், கேஸ், காது நரம்புக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். சிறுமூளை இரண்டு மூன்று நாளில் வீங்கி மூளைத்தண்டை அமுக்கும்போதுதான் திரும்பி வருவார்.

மணிக்கணக்காக விடாமல் சுற்றுகிறது, கண்மணியும் துடிக்கிறது என்றால் படுக்கையருகிலேயே செய்யும் மூன்று சோதனைகள் உண்டு. 2009-இல் விவரிக்கப்பட்ட இதை ‘ஹின்ட்ஸ்’ என்கிறார்கள்.

1. நோயாளி மருத்துவரின் மூக்கையே பார்க்க, மருத்துவர் அவர் தலையைச் சட்டென்று ஒரு பக்கம் சிறிது திருப்புகிறார். காது நரம்பு கெட்டிருந்தால் கண் தலையோடு போய்விட்டு, பிறகு தாவி மூக்குக்குத் திரும்பும். கண் அசையாமல் மூக்கிலேயே நின்றால் காது நரம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். அப்படியானால் சுற்றல் மூளையிலிருந்து வருகிறது. இங்கே நார்மல் என்பதுதான் அபாயக் குறி.

2. கண்மணி துடிக்கும் திசை. இடதுபக்கம் பார்க்கும்போது இடது, வலது பார்க்கும்போது வலது என்று திசை மாறினால் மூளை.

3. ஒரு கண்ணை மூடி மூடி மாற்றும்போது, மற்றது மேலும் கீழுமாகச் சரிசெய்துகொண்டால் மூளை.

இந்த மூன்றில் ஒன்று மூளையைக் காட்டினாலும் விடக் கூடாது. இதோடு ஒரு நாட்டு வைத்தியருக்கும் தெரியும் சோதனை: எழுப்பி உட்கார வையுங்கள். பிடிமானமில்லாமல் உட்காரவே முடியவில்லை என்றால், மற்ற சோதனைகள் என்ன சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு எச்சரிக்கை: அந்த நேரத்தில் சுற்றல் இல்லாதவருக்கு ஹின்ட்ஸ் செய்தால் விடை தப்பாகவே வரும்.

சி.டி. எதைச் சொல்கிறது?

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை சி.டி.யில் படமெடுக்கப்பட்டது. அதற்குமுன் உயிரோடு இருப்பவரின் மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்க வழியில்லை. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரிலேயே அடர்த்தி அலகு இருக்கிறது. தண்ணீர் 0. மூளையின் சாம்பல் பகுதி 40-ஐ ஒட்டி, வெள்ளைப் பகுதி 30-ஐ ஒட்டி. புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50 முதல் 80 வரை. மூளைக்கும் புது ரத்தத்துக்கும் இத்தனை இடைவெளி இருப்பதால் கசிவு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ‘கசிவு இருக்கிறதா?’ என்பதுதான் முதல் சி.டி.யிடம் கேட்கும் கேள்வி. அதற்கு அது கொடுக்கும் விடை நம்பத்தக்கது.

அடைப்பில் என்ன ஆகிறது? சாகும் திசு மெல்லத் தண்ணீரை உறிஞ்சி வீங்குகிறது. திசுவில் தண்ணீர் ஒரு சதவீதம் கூடினால் அடர்த்தி சுமார் இரண்டரை அலகு குறையும். முதல் ஒன்று இரண்டு மணி நேரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாத அளவு சின்னது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் போகப் போகத்தான் கறுப்புத் திட்டாகத் தெரியும். அது தெரியும்போது அந்த வயல் காய்ந்துவிட்டது.

ஆகவே முதல் இரண்டு மணி நேரத்தில் எடுத்த படத்தில் ‘நார்மல்’ என்பதற்கு இரண்டு பொருள்: ரத்தம் கசியவில்லை, பெரிய பகுதி இன்னும் சாகவில்லை. ஊசி போடுவதற்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஸ்கேனில் அடைப்புப் பகுதி பெரிதாகத் தெரிந்துவிட்டால்தான் ஊசியின் ஆபத்து கூடுகிறது.

பழகிய கண்ணுக்கு ஆரம்பத்திலும் சில தடயங்கள் கிடைக்கும். அடைபட்ட குழாயில் உறைந்த கட்டியே வெள்ளைக் கோடாகத் தெரியலாம். சாம்பல், வெள்ளைப் பகுதிகளின் எல்லை மங்கலாம். இதற்குக் கணினியில் படத்தின் வெளிச்ச வரம்பைக் குறுக்கிப் பார்க்க வேண்டும். அச்சிட்ட ஃபிலிமைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தூரத்திலுள்ள நிபுணரால் இவற்றைப் பார்க்கவே முடியாது. வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது அசல் படங்கள் பதிந்த கணினித் தட்டை (டிஸ்க்) கேட்டு வாங்குங்கள்.

அதே மேசையில், அதே நேரத்தில் சாய மருந்து செலுத்திக் குழாய்களையும் படமெடுப்பது நல்லது. எந்தக் குழாய், எந்த இடம் என்று அது காட்டும். பெரிய குழாய் என்றால் தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கம்பிவலை செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கலாம். 2015-இல் வந்த ஐந்து ஆய்வுகள் 6 மணி நேரத்துக்குள் இதன் பயனை உறுதி செய்தன. 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகள், வாடிய பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் காட்ட முடிந்தவர்களுக்கு அந்த எல்லையை 16, 24 மணி நேரம் வரை நீட்டின. தூங்கி எழும்போது கை விழுந்திருந்தவரை ‘நேரம் போய்விட்டது’ என்று ஓரமாகப் படுக்க வைப்பது இனி சரியில்லை.

எம்.ஆர்.ஐ.? அதில் ‘டிஃப்யூஷன்’ என்ற வகைப் படம் அடைப்பைச் சில நிமிடங்களிலேயே காட்டக்கூடியது. அப்படியானால் அதையே முதலில் எடுக்கலாமே என்று தோன்றும். நேரம் அதிகம் பிடிக்கும், எல்லா ஊரிலும் ராத்திரியில் கிடைக்காது, பேஸ்மேக்கர் போன்றவை இருந்தால் விசாரிக்க வேண்டும், துடித்துக்கொண்டிருப்பவரைப் படுக்க வைக்க முடியாது. நேரம் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவி: டிஃப்யூஷனில் தெரிந்து, ‘ஃப்ளேர்’ என்ற மற்றொரு வகையில் இன்னும் தெரியவில்லை என்றால் அடைப்பு வந்து நாலரை மணி நேரம் ஆகியிருக்காது என்று கொள்ளலாம். சிறுமூளை, மூளைத்தண்டு அடைப்புகளில் முதல் ஒன்றிரண்டு நாளில் எம்.ஆர்.ஐ.யும் ஏமாற்றுவதுண்டு.

பக்கவாதம் போல வருபவை

தாழ்சர்க்கரையைச் சொல்லியாயிற்று. வலிப்புக்குப் பிறகு ஒரு பக்கம் சில மணி நேரம் தளர்ந்திருக்கலாம். நம் நாட்டில் நாடாப்புழுக் கட்டியும் காசநோய்க் கட்டியும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஒற்றைத் தலைவலி, உப்புச்சத்துக் குறைவு, மண்டையோட்டுக்கு அடியில் தேங்கிய பழைய ரத்தம், கிருமித் தொற்றால் பழைய பக்கவாதம் மீண்டும் தலைகாட்டுவது, மன அழுத்தத்தால் கை வராமல் போவது எல்லாம் இந்த வரிசையில் வரும். பொதுவாக, பக்கவாதம் திடீரென்று வரும், இருந்த திறனைப் பறிக்கும். துடிப்பு, மின்னல் தெரிவது, மெல்ல மெல்லப் பரவுவது என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

பிரசவமாகி சில வாரங்களே ஆன பெண்ணுக்குத் தலைவலி, வலிப்பு, கை தளர்ச்சி என்று வந்தால் தமனியைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் சிரைகளையும் படமெடுக்க வேண்டும். மூளைச் சிரையில் ரத்தம் உறைவது இந்தியாவில் இளம்பெண்களின் பக்கவாதத்துக்கு நன்கு அறியப்பட்ட காரணம். அதற்குச் சிகிச்சையே வேறு.

பக்கவாதம் இல்லாதவருக்குத் தவறி ஊசி போட்டுவிட்டால்? தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படிப்பட்டவர்களுக்குக் கசிவு வந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பக்கவாதம் உள்ளவருக்குப் போடாமல் விடுவதன் விலை அதைவிடப் பெரிது. மருத்துவர் நூறு சதவீதம் உறுதியாகும்வரை காத்திருக்காததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

கையெழுத்துக் கேட்கும்போது சொல்லும் எண்கள்

1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 624 பேர் சேர்க்கப்பட்டார்கள். 3 மணி நேரத்துக்குள் வந்தவர்கள், சாதாரண சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை என்று மட்டும் உறுதி செய்யப்பட்டவர்கள். ஊசி போட்டவர்களில், மூன்று மாதம் கழித்துக் குறையே இல்லாமலோ மிகக் குறைந்த குறையோடோ இருந்தவர்களின் விகிதம், போடாதவர்களைவிடக் குறைந்தபட்சம் 30 சதவீதம் கூடுதல். அறிகுறியோடு மூளையில் கசிவு வந்தது ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம், போடாதவர்களில் 0.6 சதவீதம். இறப்பு கூடவில்லை. 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு நேர எல்லையை நாலரை மணியாக நீட்டியது. நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று நாலாவது மணிவரை யோசிக்கலாம் என்று பொருளில்லை. ஒவ்வொரு கால் மணிக்கும் பயன் குறைகிறது.

ரத்த அழுத்தம் பற்றியும் வாக்குவாதம் வரும். 190/100 இருக்கிறது, ஏன் குறைக்கவில்லை என்று உறவினர் கோபப்படுவார். அடைப்பில் அந்த அழுத்தம்தான் பக்கத்து வாய்க்கால் வழியாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஊசி போடுவதாக இருந்தால் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். போடவில்லை என்றால் பொதுவாக 220/120 வரை விடலாம். கசிவு என்றால் மேல் எண் 140-ஐ நோக்கிச் சீராக இறக்க வேண்டும். நாக்குக்கடியில் மருந்து வைத்துத் தடாலென்று இறக்கும் பழைய வழக்கம், வாடி நிற்கும் பயிருக்கு வரும் கடைசித் தண்ணீரையும் நிறுத்துவதற்குச் சமம். அம்மருந்து இன்னும் சில இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வருத்தத்துக்குரியது.

கை தானாகவே சரியாகிவிட்டால்

பத்து நிமிடம் கை வரவில்லை, பேச்சு குழறியது, பிறகு சரியாகிவிட்டது. ஸ்கேனும் நார்மல். இவரைத்தான் வீட்டுக்கு அனுப்புவது எளிது, அனுப்பக் கூடாததும் இவரைத்தான். கட்டி வந்தது, தானே கரைந்தது. அது எங்கிருந்து வந்ததோ அந்த இடம் அப்படியே இருக்கிறது. அடுத்த மூன்று மாதத்தில் முழுப் பக்கவாதம் வருபவர்களில் பாதிப் பேருக்கு முதல் 48 மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது.

கழுத்துத் தமனியின் படம், ஈ.சி.ஜி., இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போகிறதா என்ற கண்காணிப்பு, முடிந்தால் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. ஆகியவை அன்றைக்கோ மறுநாளுக்குள்ளோ முடிய வேண்டும். அபாயம் கூடுதலாக உள்ளவர்களுக்கு, ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து பொதுவாக 21 நாள், பிறகு ஒன்று மட்டும். கழுத்துத் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால், அறுவை சிகிச்சையின் பயன் முதல் இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் அதிகம். ‘சரியாயிடுச்சே’ என்று டிஸ்சார்ஜ் கேட்பவரிடம் டியூட்டி டாக்டர் இந்த இரண்டு வாரக் கணக்கைச் சொல்லி, பரிசோதனைகளுக்கான நாளையும் எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.